சேனைக்கு ஒரு பாட்டில் தேன்

உள்ளூர்த் தேன் ஒரு பாட்டில் வாங்க, இளஞ்செழியன் நாகல் நகரில் நாலு கடை ஏறி இறங்கிவிட்டான். எல்லா லேபிளிலும் எங்கெங்கோ உள்ள ஊர்ப் பெயர். கடைசியில் யாரோ சொல்லி, பைக்கை அகரத்துக்கு விட்டான்.

தென்னந்தோப்புக்குள் ஒச்சப்பன் வீடு. சுற்றிலும் தேனீப் பெட்டிகள்.

“அண்ணே, சுத்தமான தேனுதானா?”

“நம்ம தோப்புத் தேனு தம்பி. சோதிச்சுப் பாத்தே வாங்குங்க.”

விடுவானா? பேப்பரில் ஒரு சொட்டு விட்டான், ஊறவில்லை. தண்ணீரில் விட்டான், நேரே அடிக்குப் போனது. பெட்டியைத் திறந்து தேனீயை விசாரிக்காததுதான் பாக்கி.

“அண்ணே, ரெண்டு பாட்டில் குடுங்க! முந்தாநாள் தங்கச்சிக்கு ஆம்பளப் புள்ள பெறந்திருக்கு. தாய்மாமன் நாந்தான் நாக்குல சேனை தொட்டு வைக்கப் போறேன். வைக்கிறவங்க குணம்தானே புள்ளைக்கு வரும்?”

இவன் குணம் வேண்டுமா என்று அந்தப் பிள்ளையை யார் கேட்டார்கள்!

ஒச்சப்பன் எடுத்த பாட்டிலைத் திரும்ப வைத்துவிட்டார்.

“இது வேணாம் தம்பி. சீனிப்பாகு கலந்தது.”

“என்னது? இப்பத்தானே தோப்புத் தேனுன்னீங்க!”

“யாவாரத்துக்குச் சொன்னது.”

“பேப்பர்ல ஊறலையே?”

“பாகைக் கெட்டியாக் காய்ச்சுனா ஊறாது.”

இளஞ்செழியனுக்கு முகம் சிவந்துவிட்டது. “எம்புட்டு தூரத்துல இருந்து நம்பி வாரோம்! எங்க ஏரியா குரூப்புல போட்டு உங்களை நாறடிக்கிறேன் பாருங்க!”

“போடுங்க. கடையில விக்கிறதையும் நம்பாதீங்க. தாய்ப்பாலையே தொட்டு வைங்க தம்பி. அதுல எவனும் கலப்படம் பண்ண முடியாது.”

“அதைத்தான் செய்யணும் போல” என்று முணுமுணுத்துக்கொண்டே பைக்கைக் கிளப்பினான்.

வீட்டுக்குள்ளிருந்து ஒச்சப்பனின் மனைவி மாயம்மாள் பாய்ந்து வந்தாள்.

“ஏங்க, உங்களுக்குக் கிறுக்கா? ஒரு பொட்டுச் சீனி சேக்காத தேனை, வாய் கூசாம சீனிப்பாகுங்கிறீக! அந்தாளு குரூப்புல போட்டா, நாளைக்கு நம்ம வாசலுக்கு யாரு வருவா?”

“கத்தாத புள்ள. ஒரு வயசு ஆகுற வரைக்கும் புள்ளைகளுக்குத் தேனே குடுக்கக் கூடாது, உசுருக்கே ஆபத்துன்னு நம்ம பேத்தி பொறந்தப்ப டாக்டரம்மா சொன்னாங்கள்ல?”

“அதை அவர்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?”

“போன மாசம் ஒருத்தர்கிட்டச் சொன்னேனே! ‘நாங்கள்லாம் தேனை நக்கித்தான் வளந்தோம், நீ என்ன டாக்டரா’ன்னு சண்டை போட்டுட்டு, வேற கடையில வாங்கிட்டுப் போனாரு.”

ஒச்சப்பன் சிரித்தார்.

“பேரு போனா மறுபடி சம்பாதிச்சுக்கலாம், விடு. தேன் ஆகாதுன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாக மாயம்மா. இது தேனே இல்லைன்னா உடனே நம்பிடுறாக!”