அணிலக்காவின் கடுகு

அணிலக்கா வீட்டு முறத்துக்கு ஓய்வே கிடையாது. கடுகைப் புடைப்பாள், மறுபடி புடைப்பாள், தூசியும் பொக்கும் போய் முத்து முத்தாகத் தேறும்வரை விடமாட்டாள்.

"இது எப்படி வெடிக்கும் பாரு" என்று ஒருநாள் அவள் பூரித்துச் சொன்னாள். பக்கத்து மரத்துக் கிளி 'வெடிக்கும்' என்ற சொல்லை மட்டும் கொத்திக்கொண்டு பறந்தது.

மறுநாள் கிளியோடு சோதனைக்கு வந்து நின்றார் காட்டுக் காவலர் முள்ளம்பன்றியார், முதுகு நிறைய முள்ளோடு.

"சமையலுக்கு எதுக்கும்மா இவ்வளவு சுத்தம்? உனக்கு வேற ஏதோ திட்டம் இருக்கு."

"இருக்குங்க. தயிர்சாதம்."

எண்ணெய் காய்ந்து கடுகு படபடவென்று வெடித்தது. முள்ளம்பன்றியாருக்கு முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. கடுகுக்கு அசையாத கிளி, அந்த முள்ளைப் பார்த்துப் பரணில் ஏறிக்கொண்டது.

தாளித்த வாசனையில் முள் மெல்லப் படுத்தது. தட்டை வழித்து நக்கிய பிறகு அவர் கேட்டார்: "இன்னும் கடுகு பதுக்கி வச்சிருக்கியா?"

"இருக்குன்னா சந்தேகப்படுவீங்க. இல்லைன்னா நாளைக்குத் தயிர்சாதம் கிடையாது. எப்படிச் சொல்லட்டும்?"



"சந்தேகமாத்தான் இருக்கு. நாளைக்கும் சோதனைக்கு வரணும்" என்று சொல்லித் தட்டை நீட்டினார் முள்ளம்பன்றியார்.