நியூட்டுகளின் புரட்டாசி

என் கண்ணாடித் தொட்டியில் இருக்கும் இரண்டு நியூட்டுகளும் பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும். தண்ணீரில் வாழும், புழுதான் தின்னும். இது கல்யாணமான நாளிலிருந்து என் கணவருக்குத் தெரியும். நான் பத்து நாள் அலுவலகப் பயிற்சிக்குப் போய்த் திரும்பினால், ஃப்ரீசரில் இருந்த புழு டப்பாவைக் காணோம். தொட்டியின் அடியில் வெள்ளரித் துண்டுகள் ஊறிக் கிடந்தன.

“டப்பா எங்கங்க?”

“புரட்டாசில வீட்டுக்குள்ள கவுச்சி வைக்கலாமா? தூக்கிப் போட்டுட்டேன்” என்றார், நெற்றி நாமத்தைச் சரிசெய்தபடி.

“விரதம் உங்களுக்கா, அதுங்களுக்கா? பெருமாளுக்கு நேந்துக்கிட்டோம்னு உங்ககிட்ட வந்து சொல்லிச்சுங்களா?”

“கத்தாத, தமயந்தி. பத்து நாளா சுத்த சைவம். எவ்வளவு சாந்தமா இருக்குதுங்க பாரு.”

பார்த்தேன். சின்னதுக்கு முன்னங்கால் ஒன்றைக் காணோம். பெரியது அசையாமல் கிடந்தது. அதன் வாயோரம் நான்கு குட்டி விரல்கள் நீட்டிக்கொண்டிருந்தன.