காதில் கொட்டும் அருள்புரம்

ராயபுரம் அலுவலகத்தின் ஜன்னல் வழியே வரும் மதிய வெயில் தரணியின் கீபோர்டில் கிடக்கிறது. யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்த லினக்ஸ் மென்பொருளை ஏற்றி, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை அவளே டெலிபோன் எக்ஸ்சேஞ்சாக மாற்றியிருக்கிறாள். ஆனால் இவள் பேசுவது அருள்புரத்தில் இருக்கும் இவர்களுடைய தையல் கம்பெனியில் கேட்கிறது. அங்கே பேசுவது இவளுக்குக் கேட்பதில்லை. இன்றைக்குள் சரியாகாவிட்டால் இந்த எக்ஸ்சேஞ்சையே கழற்றிவிடலாம் என்று முதலாளி சுரேந்தர் சொல்லிவிட்டார். இணையக் குழுவில் அவள் கேட்டிருந்த கேள்விக்கு, முகம் தெரியாத போலந்துக்காரர் ஒருவர் இப்போதுதான் பதில் எழுதியிருக்கிறார்: "உங்கள் சர்வருக்கு இணையத்தில் தன் வெளி முகவரி தெரியவில்லை, அதனால் அங்கிருந்து வரும் குரல் வழி தவறிப் போகிறது. இந்த வரியைச் சேர்த்துப் பாருங்கள்."

சேர்க்கிறாள். சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டு, ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொள்கிறாள். மணி போகிறது. யாரோ எடுக்கிறார்கள். முதலில் வருவது பேச்சல்ல, தையல் மெஷின்களின் இரைச்சல். தகரக் கூரையில் இறங்கும் மழைபோல் தடதடவென்று காதுக்குள் கொட்டுகிறது. அதன் நடுவே கட்டிங் மாஸ்டர் கன்னையன் கத்துகிறார்.

"அம்மணி, நான் கத்தி என்னங்க பிரயோசனம்? உங்களுக்குத்தான் கேக்காதுங்களே!"

"கேக்குதுங்கண்ணா! மெஷின் ஓடறதுகூடக் கேக்குதுங்க!"

மறுமுனையிலிருந்து வெடித்துக்கொண்டு வருகிறது கன்னையனின் சிரிப்பு. தரணி ஸ்பீக்கரைத் தட்டிவிடுகிறாள். அறை முழுக்க இரைச்சல் பரவ, சுரேந்தர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வருகிறார். அவள் சத்தத்தைக் குறைக்கப் போகிறாள்.

"கொறைக்காத கண்ணு," என்கிறார் அவர், கண்ணை மூடிக்கொண்டு. "அப்பிடியே ஓடட்டும்."