கடைசி அறைக்கு நாற்பது

“முப்பத்தொண்ணுதான் வருது. இன்னும் கொஞ்சம் திற!”

வாக்கி-டாக்கியில் குன்வோரின் குரல் கரகரத்தது.

“திறந்துட்டேன் தாயே, இப்பப் பாரு” என்றார் மொட்டை மாடி விசிறி அறையில் இருந்த டோர்ஸ்டன்.

ஓரெப்ரூ நகரின் பழைய செருப்புத் தொழிற்சாலை இப்போது அலுவலகக் கட்டடம். ஒவ்வொரு அறைக்கும் வேண்டிய காற்று போகிறதா என்று அளந்து சரிசெய்வது இவர்கள் வேலை. கீழே ஒருவர் காற்று வரும் கூரைத் துவாரத்தில் துணியாலான அளவுக் கூடையைப் பிடித்து எண்ணைச் சொல்வார். மேலே ஒருவர் மானியைப் பார்த்துக்கொண்டே குழாயில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் மடலைத் திருப்புவார். சரியான எண் வந்ததும் மடலைப் பூட்டி, அதன்மேல் பெயிண்டால் ஒரு சிவப்புப் பொட்டு. பொட்டு வைத்துவிட்டால் அப்புறம் யாரும் கை வைக்கக் கூடாது.

“மத்த ரூமெல்லாம் சமத்தா இருக்கு. இது ஒண்ணுதான் படுத்துது. நாற்பது வேணும், முப்பத்திரண்டுலயே நிக்குது” என்றார் குன்வோர்.

“அந்த ரூமும் உன்னை மாதிரிதான்போல. சொன்னா கேக்காது.”

“யோவ், வாயை மூடிட்டு வேலையைப் பாரு!”

டோர்ஸ்டன் சிரித்தார். இப்படித் திட்டு வாங்கி எத்தனை காலம்! புருஷன் பெண்டாட்டியாக ஊர் ஊராகப் போய் வேலை பார்த்தவர்கள். பிறகு பிரிந்தார்கள், குன்வோர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். இன்று டோர்ஸ்டனின் கூட்டாளி காய்ச்சலில் படுத்துவிட, மாற்றாளாக வந்து நின்றது குன்வோர்.

டோர்ஸ்டனுக்கு இதுதான் கடைசி வேலை. நாலு மணி ரயில் ஏறினால், இனி வடக்கே கீரூனாவில் தங்கை வீட்டோடுதான் வாசம். பெட்டியை ஸ்டேஷனில் வைத்துவிட்டுத்தான் வேலைக்கே வந்திருந்தார். காலையில் அதைச் சொன்னபோது குன்வோர், “ம்... அங்க குளிரு ஜாஸ்தி” என்றதோடு சரி.

“குன்வோர், அந்த நீச்சல்குளக் கட்டடம் ஞாபகம் இருக்கா?”

“மறக்குமா? அளவுக் கூடையைத் தண்ணியில போட்டுட்டு, அதை எடுக்க பூட்ஸோட குதிச்சியே! குளிக்க வந்தவங்கள்லாம் கை தட்டினாங்க.”

“கூடையைத் தட்டி விட்டது நீ!”

“சரி சரி, பழசைக் கிளறாத. முப்பத்தஞ்சு. இன்னும் திற.”

“திறந்தாச்சு. உன் பக்கம் என்ன இவ்வளவு இரைச்சல்?”

“மழை. ஜன்னல்ல அடிக்குது.”

மணி நாலைத் தாண்டியது. இரண்டு பேரும் ரயிலைப் பற்றிப் பேசவில்லை.

“அந்த ஸ்கூல் ஞாபகமிருக்கா?” என்று இப்போது குன்வோர் ஆரம்பித்தார். “காத்தே வரலைன்னு துவார மூடியைக் கழட்டினா, பசங்க திணிச்ச வாழைப்பழத் தோலு!”

“உன் தலைமேலதானே கொட்டுச்சு! அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போற வரைக்கும் சிரிச்சோம்.”

“வீட்டுக்குள்ள போனதும் நிறுத்திட்டோம்.”

உண்மைதான். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தால் இருவருக்கும் பேச்சே வராது.

“இந்த வாக்கி-டாக்கியைக் கையில குடுத்தாத்தான் நமக்குப் பேச்சே வருது, இல்ல?” என்றார் டோர்ஸ்டன் மெதுவாக.



“முப்பத்தெட்டு” என்றார் குன்வோர். “கொஞ்சூண்டு திற போதும். அவசரமில்லை. மெதுவாவே திற.”

“சரி, மெதுவாவே திறக்கறேன்.”

அப்போது ஒரு தும்மல். வாக்கி-டாக்கியில் ஒன்று; விசிறி அறையின் கதவுக்கு வெளியே, அதே நொடியில் அதே தும்மல்.

டோர்ஸ்டன் கதவைத் திறந்தார்.

மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார் குன்வோர். மழையும் இல்லை, ஒன்றும் இல்லை; கேட்டதெல்லாம் விசிறியின் இரைச்சல்தான். பக்கத்தில் அளவுக் கூடை ஒழுங்காக மடித்துப் பைக்குள் இருந்தது.

“அடிப்பாவி! முப்பத்தெட்டுன்னியே, கூடையை எப்ப மடிச்ச?”

“மத்தியானம் சாப்பிட்டதுமே. அப்பவே நாற்பது வந்துடுச்சு...” என்று முகம் சிவக்க எழுந்த குன்வோர், அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

அங்கே மடல் பூட்டியிருந்தது. அதன்மேல் டோர்ஸ்டன் வைத்த சிவப்புப் பொட்டு எப்போதோ காய்ந்து போயிருந்தது.