ஆறும் ஒன்பதும்

ஒன்பதாவது படத்துக்கும் 147 என்றே காட்டியது கணினி.

லேப் முழுக்க 'அவசரம்' என்று பட்டப்பெயர் வாங்கியவள் முந்தைய எண்களைப் புரட்டினாள். ஆறாவது படத்துக்கும் இதே 147தான் வந்திருந்தது.

ரத்தக் குழாய்ச் சுவரின் அணுக்களைத் தட்டில் வளர்த்து, கெட்ட கொலஸ்ட்ராலை ஊற்றிச் சீண்டினால் போதும்; மேலே விடுகிற வெள்ளை அணுக்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி முண்டியடித்து வந்து ஒட்டிக்கொள்ளும். அழற்சியின் ஆரம்பமே அதுதான். மருந்து கொடுத்தபின் எத்தனை ஒட்டுகின்றன என்று படமெடுத்து எண்ண வேண்டும்.

இதுவரை எண்ணியது அவள் கண். கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

அதனால் கணினியே எண்ணுகிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதினாள். லேபில் அதற்கு 'இவள் பொண்ணு' என்றே பேர். போன முறை அது ஒட்டிக்கிடந்த மூன்று அணுவை ஒன்றென்று எண்ணி மானத்தை வாங்கியது. இன்றும் சொதப்பினால் புரோகிராம் குப்பைக்கு, அவள் மறுபடி மைக்ராஸ்கோப் ஸ்டூலுக்கு. லேபின் தலைவியான மேடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

புரோகிராமுக்கும் கண்ணுக்குமான இன்றைய போட்டிக்குப் படங்களை அடுக்கியவரும் மேடம்தான். எதிரே உட்கார்ந்து அதே படங்களைத் தாளில் அச்செடுத்துக் கண்ணாலேயே எண்ணுகிறவரும் அவர்தான்.

ஆறாவதில் மேடமும் 147. ஒன்பதாவதில் மேடத்துக்கு வந்தது 139.

"என்னம்மா, பழைய படத்தையே மென்னுக்கிட்டு உக்காந்திருக்காளா உன் பொண்ணு?"

அவள் பயமும் அதேதான். கை தானாக கீபோர்டுக்குப் போனது.

போன கையை இழுத்துக்கொண்டாள். திரையை மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு அணுவைச் சுற்றியும் ஒரு பச்சை வளையம். விட்டது ஒன்றுமில்லை. இரண்டு தடவை போட்டதும் இல்லை.

"மறுபடி ஓட்டிப் பாக்கறியா?"

"வேணாம் மேடம். அவ எண்ணினது சரி. வேணும்னா நீங்க இன்னொரு தடவை எண்ணிப் பாருங்க."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது.

மேடம் இரண்டு படத்தையும் கையில் எடுத்தார்.

"ஆறைத் தலைகீழாத் திருப்பினா என்ன வரும்?"

"ஒன்பது..."

மேடம் ஒன்பதாவது படத்தைத் தலைகீழாகத் திருப்பி, ஆறாவதன் மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

ஓர் அணுகூடப் பிசகவில்லை. இரண்டும் ஒரே படம்.

"பொறி வெச்சது உன் பொண்ணுக்கு. எட்டைக் கோட்டை விட்டது நான்" என்று சிரித்தார் மேடம். "நாளையிலேர்ந்து அவளே எண்ணட்டும்."