தண்ணீர் விட்ட கசாயம்

ஒரே ஒரு மிடறு விழுங்குகிற சத்தம். கேட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. பாலாம்பிகையின் காதில் இன்னும் கிடக்கிறது.

அன்று நோத்ர-டாம்-த-கிரேஸ் வீட்டில் சாமித் தட்டுக்கு விளக்கு வைத்துக்கொண்டிருந்தபோதுதான் அது கேட்டது. எட்டிப் பார்த்தால், குசினியில் புருஷன் பேரின்பநாயகம். கையில் அகப்பை. அடுப்பில் அவளுடைய கசாயம்.

என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். ஆனால் 2005 ஐப்பசியிலிருந்து இருவருக்கும் கதை பேச்சு இல்லை.

சண்டை அவளுடைய முழங்காலால் வந்தது. தையல் ஆலையில் மெஷின் மிதித்தே தேய்ந்த முழங்கால். சத்திரசிகிச்சை செய்தால் நல்லது என்றார் டொக்டர். வெட்டுகிறதென்றால் உங்கடை காலை வெட்டச் சொல்லுங்கோ என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, நேரே சைனாடவுனுக்குப் போனாள். சீன வைத்தியர் ஒரு கிழங்கைச் சீவல் சீவலாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். நோவுக்குச் சீனர் காலங்காலமாகக் கொடுக்கிறது, நெடுநேரம் அவிய வேண்டும் என்று அவருடைய மகள் பிரெஞ்சில் சொன்னாள்.

பொட்டலத்தில் ஒரு பூவின் படம். நீலநிறம், முக்காடு போட்ட மாதிரி.

பேரின்பநாயகம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது வச்சநாபியெல்லே. ஊரிலை நஞ்செண்டு தொடமாட்டினம். சீனன் தந்தால் அமிர்தமோ?"

"நஞ்சோ அமிர்தமோ, குடிக்கிறது நான்."

"இதைக் குடிச்சீரெண்டால் நான் உம்மோடை கதைக்க மாட்டன்."

"சந்தோஷம்."

அன்றோடு நின்றது கதை.

கசாயம் காய்ச்ச அவளுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. நாலு சுண்டு தண்ணீர் விட்டால் ஒரு சுண்டாய் வற்ற வேண்டும், அவ்வளவுதான். வேலையால் வந்த களைப்பில் மின்னடுப்பை உச்சத்துக்குத் திருப்பிவிடுவாள். கொஞ்ச நேரத்திலேயே வற்றிவிடும். ஆறட்டும் என்று விட்டுவிட்டு, குளித்து, விளக்கு வைத்து, ரொறொன்ரோவிலுள்ள தமக்கையோடு ஆறுதலாகக் கதைத்து, சாப்பாட்டுக்குப் பிறகு குடிப்பாள். நோவு குறைந்துதான் இருந்தது. வேண்டுமென்றே அவருக்கு முன்னால் விறுவிறு என்று நடந்து காட்டுவாள்.

அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் சட்டியைக் கவனிக்கத் தொடங்கினாள். கறுப்பாக வற்ற வைத்த கசாயம், அவள் திரும்பி வரும்போது வெளிறித் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. அளவும் கூடியிருந்தது.

விளங்கிவிட்டது. மனிசனுக்கும் முழங்கால் நோவு. வாய் கூசாமல் ஊரெல்லாம் நஞ்சென்று சொல்லித் திரிகிறார். வீட்டில் களவாகக் குடித்துவிட்டுப் பால்காரன் மாதிரித் தண்ணீர் விட்டு வைக்கிறார்.

இதைத் தனியே கேட்கக்கூடாது, நாலு பேருக்கு முன்னால் கேட்க வேண்டும் என்று இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, தையல் ஆலையில் கூட வேலை செய்கிற றோசலினும் அவளுடைய புருஷன் யோசெப்பும் வந்திருந்தார்கள். விருந்தாட்கள் வந்த அவசரம். கசாயம் வழக்கத்தைவிடச் சுறுக்காக வற்றியது. விளக்கு வைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாலாம்பிகை கதவுக்குப் பின்னால் நின்றாள்.

சத்தம் கேட்டது.

"றோசலின், ஓடி வந்து பாரும். சீனன்ரை நஞ்செண்டு உங்களுக்கெல்லாம் சொன்ன மனிசன், அதையே களவெடுத்துக் குடிக்கிறார்."

பேரின்பநாயகம் அகப்பையோடு நின்றார்.

"இண்டைக்காவது வாயைத் திறவுங்கோ. குடிச்சனீங்களோ இல்லையோ?"

வாயைத் திறந்தார். ஏதோ குழறியது, சொல்லாக வரவில்லை. முகம் வெளிறிவிட்டது.

"கையும் களவுமாய்ப் பிடிபட்டால் கதை எப்பிடி வரும்?" என்றாள் பாலாம்பிகை. றோசலின் சிரிப்பை அடக்கிக்கொண்டு யன்னலைப் பார்த்தாள்.

அவர் சட்டியைத் தூக்கி, அவ்வளவையும் தொட்டிக்குள் கவிழ்த்தார். குழாயைத் திறந்துவிட்டார். பிறகு யோசெப்பின் தோளைப் பிடித்துக்கொண்டு கோட்டைப் போட்டார். இருவரும் இறங்கிப் போனார்கள்.

அன்று அவர் வீடு திரும்பவில்லை. யோசெப் தொலைபேசியில் சொன்னான்: "அண்ணை என்னோடைதான் நிக்கிறார். நீங்கள் யோசியாதேங்கோ அக்கா."

"அங்கையே நிக்கட்டும்."

திங்கள் காலை வேலைக்குப் போகாமல் மெட்ரோ ஏறினாள். ஒன்றை ஊற்றினால் இரண்டு வாங்குவேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே சீன வைத்தியரின் கடைக் கதவைத் தள்ளினாள்.

வைத்தியரின் மகள் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து ஓடி வந்தாள்.

"மதாம், அவருக்கு இப்போது எப்படி இருக்கிறது? நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து யோசெப் என்று ஒருவர் பேசினார். டொக்டர் கிழங்கின் பெயர் கேட்டாராம்."

"ஆருக்கு?"

"உங்கள் கணவருக்கு. நீங்கள் முதல்முதல் வாங்கிப் போன மறுநாளே வந்து அப்பாவோடு சண்டை போட்டாரே. நஞ்சு போய்விட்டதென்று எப்படித் தெரியும் என்று கேட்டார். வற்றினால் போதாது, தண்ணீர் விட்டு விட்டு மணித்தியாலக் கணக்காய் அவிக்க வேண்டும், வாயில் வைத்தால் நாக்கு விறைக்கக் கூடாது என்று அப்பா சொன்னார். விழுங்க வேண்டாம் என்றும் சொன்னோம். நாக்கை நம்ப முடியாது, வயிற்றுக்குள் போனால்தான் தெரியும் என்றார். அவள் என் பேச்சைக் கேட்க மாட்டாள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்."

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டாள் பாலாம்பிகை.

புதன்கிழமை பேரின்பநாயகம் வீடு வந்தார். சத்திரசிகிச்சைக்கு ஏன் அக்கா மனம் மாறினீங்கள் என்று கேட்ட றோசலினிடம், "என்ரை கால், என்ரை விருப்பம்" என்றாள் பாலாம்பிகை. சித்திரை மாதம் அவளுடைய வலது முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது.