ரூமுக்குள்ள ஒரு கடல்

"எறா எப்பத்தான் கொழம்புக்கு ஆவும் தம்பி?"

பக்கத்து வூட்டு பஞ்சவர்ணம் காம்பவுண்டு சுவர்ல சாஞ்சுக்கிட்டு கேட்டா. தௌஃபீக் வாளியக் கழுவிக்கிட்டே இருந்தான்.

துபாய்ல, கண்ணாடித்தொட்டி மீன் விக்கிற கடையில கத்துக்கிட்ட தொழிலு. அரியலூர்ல கடலுக்கு எங்க போறது? தண்ணியில அதுக்குன்னு விக்கிற உப்பக் கலக்கி, ரூமுக்குள்ளயே ஒரு கடல் செஞ்சு வச்சிருந்தான். உருண்டைத் தொட்டி, ஒத்த லைட்டு. சிவப்பும் வெள்ளையுமா கோடு போட்ட, தொட்டியில அழகுக்கு வளக்குற எறாவோட குஞ்சுங்க, வெயில்ல பறக்குற தூசி மாதிரி அதுல மெதந்துக்கிட்டே இருக்கும். பாத்துக்கிட்டே நின்னா நாமளும் மெதக்குற மாதிரி இருக்கும்.

இதுக்கு முந்தி விட்ட குஞ்செல்லாம் செத்துப்போச்சு. இதுவும் போச்சுன்னா மறுபடி துபாய்தான். மகளுக்கு இப்பத்தான் அவன் மொகமே பழகியிருக்கு.

கொசுவர்த்திப் புகை பட்டாக்கூட குஞ்சு தாங்காது. தெரியாம பொண்டாட்டி ஆஃப்ரா ஒண்ணக் கொளுத்தினப்ப, அவன் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. அதுலேருந்து அவங்க வூட்டுல வலைக்குள்ளதான் தூக்கம்.

பஞ்சவர்ணம் கையச் சொறிஞ்சா. முழங்கை வரைக்கும் தடிப்பு.

"கொசு பூரா உன் தொட்டியிலேருந்துதான் வருது. இந்த ஊர வுட்டு கடல் போயி பல கோடி வருசம் ஆச்சாம். நீ திரும்பக் கூப்புடுறியாக்கும்."

உள்ள வந்து ஆஃப்ராகிட்ட பொருமினான்.

"கொசுவர்த்தி வாங்க கஞ்சத்தனம். பழி மட்டும் என் தொட்டி மேல."

ஒருநா காலையில தொட்டியில எதுவுமே மெதக்கல. இதுவும் போச்சுன்னு தௌஃபீக் லைட்டக் கிட்ட இழுத்தான். குனிஞ்சு பாத்தா, குஞ்சுங்க எல்லாம் அடியில உக்காந்து, மீசைய ஆட்டிக்கிட்டு மெல்ல நடக்குதுங்க. தூசி எல்லாம் எறாவா மாறியிருந்துச்சு. மகளத் தூக்கிக் காட்டினான். அவ கண்ணுக்குள்ளயும் அந்த ஒத்த லைட்டு ஆடுச்சு.

அந்த சந்தோசத்துல கொஞ்சம் பேரீச்சம்பழமும், பஞ்சவர்ணம் வாய அடைக்க ஒரு கொசுவர்த்திப் பாக்கெட்டும் எடுத்துக்கிட்டு அடுத்த வூட்டுக்குப் போனான்.

"பொழச்சிருச்சுக்கா."

அவ பழத்த வாயில போட்டுக்கிட்டு, பாக்கெட்ட அலமாரியில வச்சா. அங்க ஏற்கனவே பிரிக்காத கொசுவர்த்திப் பாக்கெட்டுங்க அடுக்கா இருந்துச்சு.

"இத்தனைய வச்சுக்கிட்டா கடி வாங்குறீங்க?"

பஞ்சவர்ணம் கையச் சொறிஞ்சுக்கிட்டே சொன்னா:

"கொழம்புக்கு ஆவற அளவுக்கு வளரட்டும், அப்பறமா கொளுத்திக்கிறேன். காத்து உன் ஜன்னல் பக்கம்ல அடிக்குது."